முந்நூறு நாள் எங்கிருந்து வந்தது?

பழைய கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் வைத்திருக்கும் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு விசித்திரமான கணக்கு கண்ணில் படும். ஒரு சிறு மன்றாட்டு முடிந்ததும், அதன் அடியில் அடைப்புக்குறிக்குள் '300 நாள் பலன்' என்று இருக்கும். இன்னொன்றின் கீழே 'ஏழு வருஷப் பலன்'. ஞானோபதேச வகுப்புக்குப் போன பிள்ளைகள் இதைப் பார்த்துப் பெருக்கல் போட்டார்கள். ஒரு தடவை சொன்னால், செத்தபின் ஆத்துமம் வேதனைப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் முந்நூறு நாள் குறையும். பத்துத் தடவை சொன்னால் மூவாயிரம் நாள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

உண்மையில் அந்த நாட்கள் மறுஉலகத்து நாட்களே அல்ல. பூமியில் மனிதர்கள் பட்டினி கிடந்து, கோயில் வாசலில் அழுது கழித்த நாட்கள். துருக்கியிலும் அயர்லாந்திலும் ரோமாபுரியிலும் எண்ணப்பட்டவை. ஆயிரத்து அறுநூறு ஆண்டு கடந்து ஒரு ஜெபப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் வந்து உட்கார்ந்துகொண்டன. அவை வந்த வழியைத் தொடர்ந்தால், கிறிஸ்தவம் பாவத்தை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைவிட, பாவத்தின் பின்விளைவை யார், எப்படி அளந்தார்கள் என்பது விளங்கும். வரலாற்றில் அதிகம் மாறியது இந்த இரண்டாவது விஷயம்தான்.

அளப்பதற்கு ஏன் தேவை வந்தது? பாவத்துக்கு இரண்டு பேரேடு உண்டு என்பது கத்தோலிக்கப் போதனை. ஒன்று குற்றம், மற்றது ஆக்கினை. மனம் அறிந்து, கனமான காரியத்தில், முழுச் சம்மதத்தோடு செய்தால் அது சாவான பாவம். கடவுளோடு உள்ள உறவையே அறுத்துவிடும். அந்த நிலையிலேயே செத்தால் நரகம். மனஸ்தாபப்பட்டு மன்னிப்புப் பெற்றால் குற்றம் போய்விடும், நித்திய ஆக்கினையும் போய்விடும். ஆனால் அநித்திய ஆக்கினை என்று ஒரு பாக்கி நிற்கும். ஞானோபதேச ஆசிரியர்கள் இதற்கு வைத்திருக்கும் உதாரணம் சுவரில் அடித்த ஆணி: பிடுங்கிவிடலாம், ஓட்டை இருக்கும். வேதாகமத்திலிருந்து ஆதாரம் கேட்டால் தாவீது ராஜாவைக் காட்டுவார்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட தாவீது, நாத்தான் தீர்க்கதரிசி முன்னால் பாவத்தை ஒத்துக்கொள்கிறான். மன்னிப்புக் கிடைக்கிறது. பிறந்த குழந்தை சாகிறது.

பாவம் என்பதற்கு எபிரேயத்தில் அதிகம் புழங்கிய சொல்லின் அடிப்பொருள் குறி தவறுவது. நியாயாதிபதிகள் ஆகமத்தில் பென்யமீன் கோத்திரத்து இடதுகை வீரர்கள் எழுநூறு பேர் மயிரிழைக்குக் கவண்கல் எறிந்தாலும் தப்பாது என்று வருமிடத்தில், 'தப்பாது' என்பதற்கு அதே வினைச்சொல்தான். இயேசு பேசிய அரமேயத்திலோ பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல். பரலோக மந்திரம் மத்தேயு நற்செய்தியில் கடனை மன்னிக்கச் சொல்கிறது, லூக்காவில் பாவத்தை மன்னிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் இன்றும் இரண்டு சபையாரும் சேர்ந்து அந்த ஜெபத்தைச் சொன்னால் சரியாக அந்த இடத்தில் குரல்கள் முட்டிக்கொள்ளும்: சீர்திருத்தச் சபையார் பலர் 'கடன்' என்பார்கள், கத்தோலிக்கர் 'குற்றம்' என்பார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் மரணத்தைப் பாவம் கொடுக்கும் கூலியாகச் சொல்கிறார். அவர் போட்ட கிரேக்கச் சொல் சிப்பாய்க்குக் கொடுக்கும் படியைக் குறிப்பது. தமிழ் வேதாகமம் அங்கே 'சம்பளம்' என்றது. சம்பாவும் அளமுமாக, நெல்லும் உப்புமாகக் கொடுத்த கூலிதான் சம்பளம் என்று ஊரில் சொல்வதுண்டு. மொழிபெயர்த்தவர் தெரிந்து போட்டாரோ தெரியாமல் போட்டாரோ, கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

கடன் என்று வந்துவிட்டால் அப்புறம் தொகை என்ன என்று கேட்காமல் இருக்க முடியுமா?

கேட்டார்கள். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் கைசேரி நகரில், அன்றைய செசரேயாவில், பசிலியார் என்ற ஆயர் இருந்தார். பக்கத்து இக்கோனியம் நகரத்து ஆயர் அம்பிலோக்கியு சந்தேகம் கேட்டு எழுத, 370-களில் பசிலியார் வரிசையாகப் பதில் எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்றும் கிழக்குத் திருச்சபைகளில் சட்டம். விபசாரத்துக்கு அவர் விதித்தது 15 ஆண்டு. அதை நான்காகப் பிரித்தார். முதல் 4 ஆண்டு கோயில் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் தனக்காக வேண்டிக்கொள்ளும்படி அழ வேண்டும். இவர்களுக்கு 'அழுவோர்' என்றே பெயர். அடுத்த 5 ஆண்டு முகப்பு வரை வரலாம், வேதவாசகம் கேட்கலாம், கேட்டதும் வெளியேற வேண்டும். அடுத்த 4 ஆண்டு உள்ளே முழந்தாளில். கடைசி 2 ஆண்டு மற்றவர்களோடு நிற்கலாம், நற்கருணை மட்டும் கிடையாது. தெரிந்தே செய்த கொலைக்கு 20 ஆண்டு, அதே நான்கு படி.

திருட்டுக்கு அவர் சொன்னது இன்னும் சுவாரசியம். திருடன் தானே வந்து ஒத்துக்கொண்டால் ஓராண்டு. பிறர் பிடித்துக் கொடுத்தால் இரண்டு. போரில் எதிரியைக் கொன்ற சிப்பாயைக் கொலைகாரன் என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் கையில் கறை இருக்கிறது, மூன்று ஆண்டு நற்கருணையைத் தொடாமல் இருப்பது நல்லது என்றார்.

இந்தத் தவம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். மறுபடி விழுந்தால் மறுபடி வாசல் திறக்காது. மறைவும் கிடையாது, என்ன பாவம் என்று ஊருக்குத் தெரியாமல் போனாலும், யார் பாவி என்பது எல்லாருக்கும் தெரியும். ரோமாபுரியில் ஃபபியோலா என்ற பெருங்குடிப் பெண், கெட்ட நடத்தையுள்ள கணவனை விலக்கிவிட்டு வேறொருவரை மணந்தவள். இரண்டாம் கணவன் இறந்த பிறகு, பாஸ்கா விழாவுக்கு முன் இலாத்தரான் பேராலயத்தில் தவசிகள் வரிசையில் போய் நின்றாள். தலைவிரிகோலமாக, நகரமே பார்க்க அழுதாள் என்று அவள் காலத்துத் துறவி எரோணிமுசார் எழுதியிருக்கிறார். பிறகு சொத்தை விற்று ரோமையில் மருத்துவமனை கட்டினாள். 390-இல் தெசலோனிக்கா நகரில் கலகத்துக்குப் பழிவாங்க மக்களைக் கொன்று குவிக்க உத்தரவிட்ட பேரரசன் தியோடோசியுவுக்கு, மிலான் ஆயர் அம்புரோசியார் நற்கருணை தர மறுத்தார். பேரரசன் அரச உடையைக் களைந்து எல்லாரும் பார்க்கத் தவம் செய்து, அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் திரும்பச் சேர்க்கப்பட்டான்.

ராஜா செய்தது கதையாக நின்றது. சாதாரண மனிதர் என்ன செய்தார்? தள்ளிப்போட்டார். ஒரே தடவைதான் என்றால் அதை ஏன் இருபத்தைந்து வயதில் செலவழிக்க வேண்டும்? தவம் ஏற்றவர் அதன்பின் படையில் சேரக்கூடாது, மணவுறவு கூடாது என்றெல்லாம் மேற்கே ஆயுளுக்கும் தடைகள் வேறு. ஆகவே சாகும் தறுவாயில் பார்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கமானது. ஞானஸ்நானத்தையே அப்படிக் கடைசிக்கு வைத்தவர்களும் உண்டு. 337-இல் கொன்ஸ்தந்தீன் பேரரசன் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றான். 459-இல் போப் முதலாம் லியோ, பாவிகளின் குற்றப் பட்டியலை எழுதிச் சபையில் வாசிப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். குருவிடம் இரகசியமாகச் சொன்னால் போதும். வெட்கத்தால் ஜனங்கள் வராமல் போகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஆனாலும் 'ஒரே தடவை' என்பது விடவில்லை. 589-இல் தொலேதோ நகரில் கூடிய ஸ்பெயின் ஆயர்கள், பாவம் செய்யும்போதெல்லாம் வந்து மன்னிப்புக் கேட்கும் புது வழக்கம் கண்டிக்கத்தக்கது என்று தீர்மானம் போட்டார்கள். இன்று எந்தப் பங்குச் சாமியாரும் மாதம் ஒருமுறையாவது வரச் சொல்லி மன்றாடும் காரியத்தை அன்றைய ஆயர்கள் அக்கிரமம் என்றார்கள்.

ஏறக்குறைய அதே சமயத்தில் அயர்லாந்திலிருந்து கொலும்பானு என்ற துறவி பிரான்சு நாட்டில் வந்து இறங்கினார். அவர் பையில் இருந்தது அந்தப் புது வழக்கம்.

அயர்லாந்து வேறு உலகம். ரோமாபுரியின் நகரங்கள் அங்கே இல்லை. ஆயரைவிட மடத்துத் தலைவருக்குச் செல்வாக்கு. ஊர்ச் சட்டத்தில் ஒவ்வொரு குற்றத்துக்கும் இன்ன தகுதி உள்ளவனுக்கு இவ்வளவு நஷ்டஈடு என்று விலை உண்டு. துறவிகள் பாவத்தையும் அதே மாதிரி எழுதி வைத்தார்கள். 'தவநூல்' என்று சொல்லத்தக்க சிறு கையேடுகள். பின்னியன், கொலும்பானு, கும்மியன் என்று ஆளுக்கொன்று. பாவி தனியாக வந்து சொல்வான், துறவி பட்டியலைப் பார்த்துத் தவம் விதிப்பார், அதை அவன் வீட்டிலேயே செய்யலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். கும்மியன் கையேட்டில் குடித்து மயங்கிய துறவிக்கு 40 நாள் ரொட்டியும் தண்ணீரும். அதே தப்பைச் செய்த குடும்பஸ்தனுக்கு 7 நாள். கொலும்பானு கணக்கில் கொலை செய்த குருவுக்கு 10 ஆண்டு நாடு கடந்து தவம்.

வாசலில் நின்ற பாவி இப்படி மறைந்துபோனான். நாட்கள் மட்டும் நின்றன.

நாட்கள் எண்ணாகிவிட்டால் மாற்று விகிதம் வருவது வியாபாரம் தெரிந்த யாருக்கும் ஆச்சரியமில்லை. ஓராண்டு உபவாசம் நோஞ்சானுக்கு முடியாது. அதற்குப் பதில் மூன்று நாள் தூங்காமல் சங்கீதம் பாடு. கையைச் சிலுவையாக விரித்துக்கொண்டு பாடு. இத்தனை தடவை முழந்தாளிடு. ஏழைக்கு இவ்வளவு பிச்சை போடு. ஐரிஷ் மொழியிலேயே இதற்கு மாற்று அட்டவணைகள் இருந்தன. இந்த வழியின் உச்சத்தைப் பத்தாம் நூற்றாண்டு மன்னன் எட்கர் பெயரில் வழங்கும் இங்கிலாந்துச் சட்டத் தொகுப்பில் பார்க்கலாம். ஏழு ஆண்டு உபவாசம் விதிக்கப்பட்ட ஒரு பிரபு அதை மூன்று நாளில் முடிக்க வழி சொல்கிறது அது. முதலில் 12 பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் ரொட்டி, கீரை, தண்ணீரோடு இருக்க வேண்டும். பிறகு 120 பேராக ஏழு கூட்டம் சேர்த்து அவர்களையும் மூன்று நாள் பட்டினி போட வேண்டும். கூட்டிப் பாருங்கள்: பன்னிரண்டு பேருக்கு மூன்று நாள் வீதம் முப்பத்தாறு, எண்ணூற்று நாற்பது பேருக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்றிருபது, ஆக 2,556 உபவாச நாள். ஏழு ஆண்டுக்கு 2,555. ஒரு நாள் உபரி.

மேற்கு ஆயர்கள் இதைப் பொறுக்காமல் 829-இல் பாரிஸ் சங்கத்தில் தவநூல்களைத் தேடிப்பிடித்து எரிக்கச் சொன்னார்கள். எரிந்தவை எரிந்தன, வழக்கம் வேர்விட்டுவிட்டது. 1215-இல் ரோமையில் கூடிய நான்காம் இலாத்தரான் சங்கம், புத்தி தெளிந்த ஆணும் பெண்ணும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது தன் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. கேட்டதை வெளியே சொன்ன குருவுக்குப் பதவி பறிப்பும் ஆயுள் முழுக்க மடத்துச் சிறையும். தொலேதோவில் அக்கிரமமாக இருந்தது அறுநூறு ஆண்டில் கடமையாகிவிட்டது.

கேட்பதற்குக் குருக்களைத் தயார்செய்யக் கையேடுகள் குவிந்தன. எதைக் கேட்பது? பத்துக் கட்டளைகள் ஒரு வரிசை. தலையான பாவங்கள் ஏழு இன்னொரு வரிசை. இந்த ஏழும் வேதாகமப் பட்டியல் அல்ல. எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்து 399-இல் இறந்த எவாக்ரியு என்ற துறவி, தனிமையில் இருப்பவரைத் தாக்கும் எட்டு எண்ணங்கள் என்று எழுதி வைத்தது. அதில் ஒன்று நண்பகலில் வரும். துறவி சூரியன் நகர்கிறதா என்று பார்ப்பார், சன்னலை எட்டிப் பார்ப்பார், யாராவது சகோதரர் வருகிறாரா என்று கழுத்தை நீட்டுவார், இந்த இடமே பிடிக்கவில்லை என்று தோன்றும். அலுவலகத்தில் மூன்று மணிக்குக் கடிகாரம் பார்க்கும் எவருக்கும் இது புரியும். போப் பெரிய கிரகோரியார் எட்டை ஏழாக்கினார். ஆங்காரம், உலோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்று தமிழ் ஞானோபதேசம் மனப்பாடம் செய்விப்பதில், எவாக்ரியுவின் அந்த நண்பகல் வேதனை வெறும் 'சோம்பல்' ஆகிக் கடைசியில் நிற்கிறது. பாலைவனத்துத் துறவி இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது முந்நூறு நாளுக்கு வரலாம். குரு விதித்த தவத்தை முடிக்காமல் ஒருவர் செத்தால்? பாக்கியை மறுபக்கத்தில் தீர்க்க வேண்டும் என்ற எண்ணம் பழையது. அதற்கு ஓர் இடத்தின் பெயர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலைத்தது. அதுதான் உத்தரிக்கிற ஸ்தலம். தவத்தை இங்கேயே திருச்சபை தள்ளுபடி செய்யலாம் என்பதும் அதே காலத்தில் வளர்ந்தது; அந்தத் தள்ளுபடிதான் 'பலன்'. 1095-இல் கிளெர்மோன் சங்கத்தில் போப் இரண்டாம் ஊர்பான், பக்தியோடு எருசலேமை மீட்கப் போகிறவனுக்கு அந்தப் பயணமே எல்லாத் தவத்துக்கும் ஈடு என்றார். 1215 சங்கம் இதற்கு வரம்பு கட்டியது: கோயில் அர்ச்சிப்பு நாளில் அதிகபட்சம் ஓராண்டு, ஆண்டு விழாவில் 40 நாள் மட்டும் ஆயர்கள் தள்ளுபடி செய்யலாம். அந்த 40 நாள், பசிலியாரின் வாசலிலும் கும்மியனின் கையேட்டிலும் எண்ணப்பட்ட தவநாட்கள். '300 நாள் பலன்' என்றால், பழைய சட்டப்படி முந்நூறு நாள் தவம் செய்திருந்தால் எவ்வளவு பாக்கி தீர்ந்திருக்குமோ அவ்வளவு. மறுஉலகத்தில் எத்தனை நாள் என்று திருச்சபை ஒருபோதும் சொன்னதில்லை.

ஜனங்கள் அப்படிக் கேட்டார்களா என்பது வேறு. 1476-இல் போப் நான்காம் சிக்ஸ்து, பலன்களைச் செத்தவர்களுக்கும் வாங்கிக் கொடுக்கலாம் என்று அனுமதித்த பிறகு, யாருக்குத்தான் அம்மாவும் அப்பாவும் ஞாபகம் வராது?

இந்த வியாபாரத்துக்கும் அச்சுக்கலைக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் நகரும் எழுத்தால் அச்சானவற்றில், தேதியோடு கிடைத்திருக்கும் மிகப் பழையது வேதாகமம் அல்ல. சைப்ரஸ் தீவைத் துருக்கியரிடமிருந்து காக்கப் பணம் திரட்டிய ஒரு பலன் சீட்டு. 1454-இல் குட்டன்பெர்க் காலத்து மைன்ஸ் நகர அச்சு. பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு அச்சடித்து, வாங்கியவர் பெயரைப் பேனாவால் நிரப்பினார்கள்.

1517-இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் திருச்சபைக்கு எதிராகக் கிளம்பியதற்கு நேரடிக் காரணம் இதே சரக்கு. மைன்ஸ் பேராயர் ஆல்பெர்ட் பதவிக்காகப் பூகர் வங்கியில் வாங்கிய கடன் ஒருபுறம், ரோமையில் இராயப்பர் பேராலயக் கட்டட வேலை மறுபுறம். வசூலில் பாதி அங்கே, பாதி இங்கே. பேராயரின் குறிப்பேட்டில் தகுதிவாரியாகத் தொகை இருந்தது: ராஜாக்களும் ஆயர்களும் 25 தங்கக் குல்டன், பிரபுக்களும் மடாதிபதிகளும் 10, அப்படியே இறங்கி, ஒன்றும் இல்லாதவர் ஜெபமும் உபவாசமும் செய்தால் போதும். தெட்செல் என்ற தொமினிக்கன் துறவி விற்க வந்தபோது சாக்சனி இளவரசர் பிரடெரிக் தன் நாட்டுக்குள் விடவில்லை. ஞானம் அல்ல காரணம். அவருடைய விட்டன்பெர்க் கோயிலில் திருப்பண்டங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன, 1520 வாக்கில் அவை 19 ஆயிரம். எல்லாவற்றையும் வணங்கினால் கிடைக்கும் பலன் மொத்தம் 19 லட்சம் ஆண்டுக்கு மேல். சொந்தக் கடைக்குப் போட்டி எதற்கு? லூத்தரின் பங்கு மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் ஊருக்குப் போய் வாங்கி வந்து, இனிமேல் தவம் தேவையில்லை என்று சீட்டைக் காட்டினார்கள்.

லூத்தரின் 95 வாதங்களில் முதலாவதே அளப்பதற்கு எதிரானது: மனந்திரும்புதல் வாழ்நாள் முழுக்க நடப்பது என்றார். பாக்கிப் பேரேடே கிடையாது, கிறிஸ்து முழுக்கத் தீர்த்துவிட்டார் என்ற இடத்துக்கு அவர் பிறகு வந்தார். 1520 டிசம்பர் 10-ஆம் தேதி விட்டன்பெர்க் மதில் அருகே போப்பின் எச்சரிக்கை ஓலையை அவர் எரித்த கதை எல்லாருக்கும் தெரியும். அதே தீயில் போனவற்றில், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கான ஒரு பிரபலமான கையேடும் உண்டு. ஓலையை எரித்தது அரசியல். கையேட்டை எரித்ததில்தான் அவருடைய சண்டை என்ன என்பது தெரிகிறது.

கத்தோலிக்கத் தரப்பு திரெந்து சங்கத்தில் பதில் சொன்னது. 1551-இல், சாவான பாவம் ஒவ்வொன்றையும் இனம் இன்னது, எண்ணிக்கை இவ்வளவு என்று சொல்ல வேண்டும் என்று உறுதிசெய்தது. பணத்துக்குப் பலன் கொடுப்பதைப் போப் ஐந்தாம் பத்திநாதர் 1567-இல் ரத்து செய்தார். இன்று பாவசங்கீர்த்தனம் என்றாலே நினைவுக்கு வரும் மரக்கூண்டும் அந்தக் காலத்துப் பொருள்தான். அதுவரை குரு நாற்காலியில் அமர, பாவி பக்கத்தில் முழந்தாளிடுவார், நடுவில் ஒன்றும் கிடையாது. பெண்களிடம் குருக்கள் தவறாக நடப்பதாகப் புகார்கள் வந்து, 1561-இல் ஸ்பெயினில் அந்த வழக்குகளை விசாரணை மன்றத்திடமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ தன் மறைமாவட்டத்தில் தடுப்புப் போட்ட இருக்கைகளைக் கட்டாயமாக்கி, 1577-இல் வெளியிட்ட கட்டட விதிகளில் அளவும் கொடுத்தார்: நடுவே சிறு துளைகள் இட்ட இரும்புத் தகடு, அதன்மேல் மெல்லிய துணி, ஆலயத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடம். இரகசியம் காக்க வந்த பெட்டி என்று நினைக்கிறோம். முதலில் அது சாமியாரின் கையைத் தடுக்க வந்த பெட்டி.

பொரோமேயோ அந்த விதிகளை எழுதிய அதே ஆண்டில், கோவாவில் ஒருவர் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்துக்கொண்டிருந்தார்.

முத்துக்குளித்துறையின் பரதவர் 1530-களின் நடுவில் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடி ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். 1542-இல் சவேரியார் வந்து ஜெபங்களை அரைகுறைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். பாவத்தை அப்படிச் சொல்ல முடியுமா? துபாஷியை நடுவில் வைத்தால், வேம்பாற்றுப் பெண் தன் மனக்குறையை முதலில் துபாஷி காதில் போட்டு, அவர் அதைப் போர்த்துக்கீசில் சாமியார் காதில் போட வேண்டும். இனமும் எண்ணிக்கையும் துபாஷிக்கு அத்துபடியாகிவிடும். அடுத்த நாள் ஊருக்கு.

இந்தச் சிக்கலை உடைத்தவர் 1547-இல் கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார். தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, இலக்கணமும் எழுதினார். அவர் முன்னோர் யூதர். மதம் மாறிய குடும்பம். அந்த ரத்தத்தைக் காரணம் காட்டி போர்த்துக்கலில் பிரான்சிஸ்கன் சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. இயேசு சபைதான் எடுத்துக்கொண்டது. ஆதாமின் சென்மப் பாவத்தைக்கூடக் கழுவிவிடும் ஞானஸ்நானம், தாத்தாவின் பிறப்பைக் கழுவாது என்று நம்பிய நாட்டிலிருந்து வந்தவர், கடைசிவரை இந்தக் கரையில் பாவப்பொறுத்தல் கொடுத்துக்கொண்டிருந்தார். 1600-இல் இறந்தார், தூத்துக்குடியில் அடக்கம்.

அவர் அச்சிட்ட வரிசையைக் கவனிக்க வேண்டும். 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', பதினாறு பக்கம். 1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. 1580-இல் பாவசங்கீர்த்தனக் கையேடு, 'கொன்பெசியொனாரியோ' என்ற போர்த்துக்கீசுப் பெயரில். தமிழில் இலக்கணமோ காப்பியமோ அச்சேறும் முன்பே, பாவத்தைச் சொல்வது எப்படி என்பது அச்சேறிவிட்டது. மைன்ஸில் நடந்ததன் எதிரொலி போல் இருக்கிறது; ஒரு வித்தியாசம், அங்கே அச்சானது தள்ளுபடிச் சீட்டு, இங்கே அச்சானது கேள்விகள். கையேடு குருவுக்கு மட்டுமல்ல, வாசிக்கத் தெரிந்த கிறிஸ்தவர் தன்னையே விசாரித்துக்கொண்டு தயாராகி வரவும்தான்.

பூசை, பரிசுத்த ஆவி போன்றவற்றுக்குத் தொடக்கத்தில் போர்த்துக்கீசுச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டவர்கள், பாவம் என்பதை இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனால் கையில் கிடைத்த சொல் காலியாக இல்லை. தமிழில் பாவம் என்றால் போன பிறவியும் சேர்ந்து வரும். சித்திரகுப்தன் கணக்கு வரும். 'ஐயோ பாவம்' என்னும்போது செய்தவர் மேல் அல்ல, படுகிறவர் மேல் இரக்கம் வரும். இந்தச் சொல்லைப் பிறவிச் சங்கிலியிலிருந்து கழற்றுவதற்கே 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று தனிநூல் எழுத வேண்டியதாயிற்று. ஒரே பிறவி, ஒரே தீர்ப்பு. பாக்கி அடுத்த பிறவிக்கு மாறாது. கேட்டவர்கள் எல்லாரும் கழற்றிவிட்டார்களா என்றால், தலைவிதி என்று சொல்லாத கிறிஸ்தவர் எந்த ஊரில் இருக்கிறார்?

1706-இல் தரங்கம்பாடியில் லூத்தர் சபை மிஷனரி சீகன்பால்கு இறங்கியபின் தமிழில் இரண்டு வழக்கம் அருகருகே வளர்ந்தன. சீர்திருத்தச் சபைகளில் 'பாவ அறிக்கை' என்று ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்வது. கூண்டும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. பிறகு வந்த பெந்தெகொஸ்தே கூட்டங்களில் 'சாட்சி' என்று ஒருவர் எழுந்து, தான் குடித்ததையும் அடித்ததையும் விடுதலை அடைந்ததையும் ஒலிபெருக்கியில் சொல்வார். ஃபபியோலா காலத்துக்குப் பிறகு காணாமல் போயிருந்த ஊரறிந்த பாவி, பந்தலுக்கு அடியில் திரும்பி வந்துவிட்டார். அழுவோர் வரிசை மட்டும் இல்லை.

கத்தோலிக்கக் கணக்கைப் போப் ஆறாம் சின்னப்பர் 1967-இல் முடித்துவைத்தார். பலன்கள் உண்டு, ஆனால் நாளும் ஆண்டும் இனிப் போட வேண்டாம்; முழுப் பலன், குறைப் பலன் என்று சொன்னால் போதும். புதுப் பதிப்புகளில் அடைப்புக்குறி மறைந்தது. 1973-இல் சடங்கே புதுப்பிக்கப்பட்டு, தமிழில் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று பெயரானது. குறளில் ஓர் அதிகாரத்தின் தலைப்பிலேயே வரும் நல்ல சொல். ஆனாலும் தூத்துக்குடிப் பக்கம் பெரியவர்கள் இன்னும் 'பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன்' என்றுதான் சொல்கிறார்கள்.

பெரிய வாரத்தில் அந்தக் கடற்கரைக் கோயில்களில் வரிசை நீளும். முக்காடு போட்ட ஒரு பெண்ணின் முறை வருகிறது. முழந்தாளிட்டு, கடைசியாக வந்து எத்தனை மாதம் என்று சொல்லித் தொடங்குகிறாள். மரச்சட்டத்துத் துளைகளுக்கு அப்பால் சாமியார் காதை மட்டும் காட்டி உட்கார்ந்திருக்கிறார். மூன்று நிமிடம். அபராதம் மூன்று அருள்நிறை மந்திரம். பீடத்தின் முன்னால் போய் அதைச் சொல்லி முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறாள். வாசற்படியில் கையேந்தி உட்கார்ந்திருப்பவரிடம் பத்து ரூபாயைக் கொடுத்து, "எனக்காக வேண்டிக்கிடுங்க" என்கிறாள்.